மணல் வெளிச்சம்

வா என்பதா, வாங்க என்பதா. படித்துறையில் இறங்கி வந்துகொண்டிருக்கிறாள், கடைசிப் படியில் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள், மணல் சுடும், சுடும் என்று தெரிந்தும் எடுத்துக்கொள்கிறாள், அவளுக்குப் பின்னால் அவள் அண்ணி குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத் தடவி இறங்குகிறாள், இன்னும் கொஞ்ச தூரம்தான், அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். கட்டின நாளிலிருந்து நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், வேதா என்று, ஏய் என்று, கோபத்தில் வேதவல்லி என்று முழுதாக. கோர்ட்டில் விவாகரத்துக்குக் கையெழுத்தாகி வெளியே வந்தபோது அந்த நீ எங்கே போயிற்றென்று தெரியவில்லை, வேப்பமரத்தடியில் நின்று அவள் வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தாள், நான் ஏதோ சொல்ல வாயெடுத்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்கும் இதே சிக்கல் இருக்கும். என்னங்க என்று இனி கூப்பிட முடியாது, ரெங்கராஜ் என்று என் பெயரை அவள் வாய் சொன்னதே இல்லை, அண்ணா என்று சொல்ல முடியுமா, சார் என்றால் செருப்பால் அடித்த மாதிரி. அருகே வந்துவிட்டாள். நெற்றியில் சின்னதாகப் பொட்டு, மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தின தடம், கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் அவள் கண்ணுக்கு வயதாகியிருக்கிறது. "வெயில் இன்னும் இருக்கே" என்று ஆற்றைப் பார்த்துச் சொன்னாள். "எறங்கிரும்" என்று நான் கேமராவைப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் தப்பித்தோம்.

அண்ணிதான் போன வாரம் போன் பண்ணியது. தம்பி, வேதாவுக்கு நாமக்கல்லுல ஒரு எடம் வந்திருக்கு, லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வச்சிருக்காரு, மொதல் சம்சாரம் தவறிப்போச்சு, நல்ல மனுஷங்களாத் தெரியுது, ஒரு போட்டோ வேணும், அவ என்னடான்னா உங்ககிட்டதான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் தப்பாக நினைக்கவில்லை, எதையுமே நினைக்கவில்லை, சரி என்று சொன்னேன், போனை வைத்த பிறகு யார் சரி என்று சொன்னது என்று யோசித்தேன். ஊரில் இருக்கிற எல்லோருக்கும் எடுக்கிறேன், கல்யாணம், சீமந்தம், காதுகுத்து, பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து ஜாதகத்தோடு வைக்க ஒரு படம் என்பார்கள், எடுத்துக் கொடுக்கிறேன், இதுவும் அப்படித்தான் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டுடியோவுக்குள் வேண்டாம் என்று சொன்னது மட்டும் நான். நாலு சுவருக்குள் அவளும் நானும், நடுவில் ஸ்டூலில் அண்ணி, முடியாது. ஆற்றுக்கு வரச் சொன்னேன். கோடையில் குளித்தலைக் காவிரி முழுக்க மணல், தண்ணீர் எங்கோ நடுவில் ஒரு கோடாகப் போகிறது, முசிறிக்குப் போகிற பாலம் ஒரு ஓரத்தில், மற்றபடி வானமும் மணலும்தான். மணல் இருப்பதால் வெளிச்சம் கீழேயிருந்தும் வரும். கண்ணுக்குக் கீழே இருட்டு விழாது. இதைத்தான் அண்ணியிடம் சொன்னேன், அண்ணி என்ன புரிந்துகொண்டதோ, சரிங்க தம்பி காத்தாடவும் இருக்கும் என்றது.

முதலில் கரையோரத்துப் புங்கமரத்தடியில் நிறுத்தினேன். நிழல் நல்லது, மிருதுவானது, எந்தப் புத்தகமும் அதைத்தான் சொல்லும், ஆனால் மரத்து நிழலில் ஒரு சங்கடம் உண்டு, வெளிச்சம் இலை வழியாக வருவதால் பச்சையைக் கொண்டுவந்து கன்னத்தில் பூசிவிடும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ஒன்று எடுத்துத் திரையில் பார்த்தேன். தாடையோரம், கழுத்து, கண்ணின் கீழ், எல்லாம் லேசான பச்சை, நோய்ப்பட்ட மாதிரி, ஆஸ்பத்திரித் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவளைப் பார்த்த மாதிரி. "இங்க வேண்டாம்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அண்ணி நிமிர்ந்து பார்த்தது. வேதா ஏன் என்று கேட்கவில்லை. மணலுக்குள் நடந்தாள். அவள் ஒருபோதும் ஏன் என்று கேட்டதில்லை, அதாவது வெளிச்சம் சம்பந்தமாக. கல்யாணமான புதிதில் வாடகை வீட்டு மொட்டைமாடியில் அவளை வைத்துத்தான் நான் எல்லாம் கற்றுக்கொண்டேன், சாயங்காலம் ஆனால் அவளை நிறுத்திவைத்து வெளிச்சத்தை ஒன்று கூட்டி ஒன்று, ஒன்று குறைத்து ஒன்று, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு, என் வெள்ளை வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்து நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்து மார்புக்கு நேராகப் பிடிக்கச் சொல்வேன், அது வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும், கை வலிக்குது என்பாள், இன்னும் ஒண்ணு என்பேன், நான் உங்க பொண்டாட்டியா லைட் ஸ்டாண்டா என்பாள், அந்தச் சிரிப்பில் கேமரா ஆடி எல்லாம் வீணாகும். கீழ்வீட்டுக்காரம்மா துணி எடுக்க வந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இறங்கிப்போவார். அவளுக்குக் கன்னத்தில் படுகிற சூட்டை வைத்தே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரியும். இப்போதும், பாருங்கள், மணலில் போய் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறாள், ஓரிடத்தில் நிறுத்துகிறாள். சரியான இடம். நான் சொல்ல வேண்டியதே இல்லை.

அண்ணி மரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டது. நல்லது. இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும், பேசினால் கேட்காது. வெயில் இன்னும் சாயவில்லை, பக்கவாட்டில் அடிக்கிறது, ஒரு கன்னம் தங்கம், இன்னொரு கன்னம் இல்லவே இல்லை. கேமராவுக்கு ஒரு குணம் உண்டு, உலகம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்துவிட்டால் அதற்கு நிம்மதி, வெள்ளை மணலைப் பார்த்ததும் ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று பயந்துபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், மணல் சாம்பலாகும், மணலுக்கு முன்னால் நிற்கிற மாநிறத்து முகம் கரியாகும். அதன் பேச்சைக் கேட்கக்கூடாது. ஒரு ஸ்டாப் கூட்டி வெளிச்சத்தை இரட்டிப்பாக்க வேண்டும், சில சமயம் ஒன்றரை, அப்போதுதான் முகம் முகமாக வரும். ஆனால் முகம் வந்தால் வானம் போய்விடும், வெளுத்து, ஒன்றுமில்லாத காகிதமாகிவிடும். வானம் வேண்டுமென்றால் முகம் இருட்டு. ரெண்டையும் காப்பாத்த முடியாது, ஒண்ணைத்தான் பார்க்கணும் என்று புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்வேன், இதே வார்த்தையில் சொல்வேன், சொல்லும்போதெல்லாம் வாய் ஒரு நொடி தடுக்கும், இந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று தெரியும், அந்த டாக்டரம்மா ஆப்பரேஷன் அறை வாசலில் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு சொன்னது, ரெண்டு பேரையும் காப்பாத்தப் பாக்கறோம், ஆனா மொதல்ல அம்மாவைத்தான் பாக்கணும், புரியுதுங்களா. புரிந்தது. ரத்த அழுத்தம் ஏறி வேதாவுக்கு வலிப்பு வந்திருந்தது, ஏழாவது மாதம், அவர்கள் இரண்டு பேரையுமே அன்றைக்குக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல யாராவது இருந்திருந்தால் ஒருவேளை நாங்கள் சேர்ந்தே இருந்திருப்போம், சேர்ந்து அந்த ஆளைத் திட்டிக்கொண்டு. இப்போது சூரியனுக்கு முதுகு காட்டி அவளை நிறுத்திவிட்டேன். முடியின் ஓரமெல்லாம் ஒளி பிடித்துக்கொண்டது, காதோரத்து நரைகூடப் பொன்னாகத் தெரிகிறது. நரை. எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து.

குறைத்து எடுத்தது திரையில் வந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. இருண்டிருந்தது முகம், கண்கள் இரண்டும் குழி, உதட்டோரம் கசப்பு மாதிரி ஒரு நிழல், அழகாகக்கூட இருந்தது, ஒரு கண்காட்சியில் வைக்கலாம், ஆனால் கல்யாணத்துக்கு ஆகாது. நாமக்கல்லில் ஒரு வீட்டில் கூடத்தில் வைத்து நாலு பேர் இதைப் பார்ப்பார்கள், ம் என்பார்கள், முகத்துல ஒரு களையே இல்லையே என்று ஒரு பெரியம்மா சொல்வார், அத்தோடு முடிந்தது. ஒரே ஒரு ஸ்டாப் குறைத்துக் கொடுத்துவிட்டால் போதும். விரல் சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது. யாருக்கும் தெரியாது, வெயில் சரியில்லை என்று சொன்னால் அண்ணி நம்பிவிடும். அப்புறம்? அப்புறம் என்ன, அவள் அண்ணன் வீட்டு மாடியறையில் இருப்பாள், நான் ஸ்டுடியோவுக்கு மேலே இருக்கிற அறையில் இருப்பேன், இதே ஊரில், மார்க்கெட்டில் தூரத்தில் ஒரு புடவையைப் பார்த்து அவளோ என்று நினைத்துக்கொண்டு. அதற்காகவா. அது ஒரு வாழ்க்கையா என்று கேட்டால் இல்லைதான், ஆனால் அதுவும் இல்லாமல் போகப்போகிறதே. விரலை எடுத்தேன். திரும்ப வைத்தேன். கூட்டினேன். முகம் வந்தது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது, இப்படி ஒன்றைச் செய்ய நினைத்ததற்கா, செய்யாமல் விட்டதற்கா என்று தெரியாத எரிச்சல்.

"தம்பி, கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது. "ரேசன் கார்டுக்கு எடுக்கற மாதிரி நிக்கிறா."

வேதா திரும்பாமலே, "சிரிக்கணுமா?" என்றாள். என்னைக் கேட்ட முதல் கேள்வி.

"வேண்டாம்."

"அவங்க கேப்பாங்கல்ல."

"அப்ப சிரிக்கலாம்."

சிரித்தாள். உதடு மட்டும் போய் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் அழுத்தவில்லை. அவளுக்கும் தெரிந்துவிட்டது, கிளிக் சத்தம் கேட்கவில்லையே. கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினால் அவளை நேராகப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் இறக்காமல் நின்றேன். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அவள் முகம், பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில், புருவத்தில் ஒரு முடி தனியாக வளைந்து நிற்கிறது, மேலுதட்டில் வியர்வை, எத்தனை காலம் இந்த முகத்துக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன், இப்போது கண்ணாடித் துண்டுகள் அடுக்கின குழாய் வழியாகத்தான் கிட்டே போக முடிகிறது.

"ஏற்கனவே ஒரு போட்டோ எடுத்தாச்சு, திருச்சியில" என்றாள். "அண்ணி கூட்டிட்டுப் போச்சு. பெரிய எடம், ஏசியெல்லாம் போட்டு. முகத்தை அப்படியே வெள்ளையாக்கி, வழவழன்னு, மச்சத்தக்கூட எடுத்துட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. இடது தாடைக்குக் கீழே இருக்கிற மச்சம் அது. அதை எடுக்க அவன் யார். "அத அனுப்பினீங்களா?" என்றேன். அனுப்பினீங்களா என்று வாய் தானாகவே மரியாதையைக் கண்டுபிடித்துக்கொண்டது, அவள் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது, இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம்.

"அனுப்பினோம். அவருக்குப் பிடிச்சிருந்துச்சாம். ஆனா அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு. ரெண்டாங் கிளாஸ் படிக்குது." காலால் மணலைத் தள்ளினாள். "அது போட்டோவப் பாத்துட்டு, இது பொம்மை, அப்படின்னு சொல்லிருச்சாம். எனக்கு பொம்மை வேண்டாம்னு அழுதுச்சாம். அவரு போன்ல சொன்னாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. அந்தப் பொண்ணு பாத்தா ஒரு ஆளா இருக்கணும். அதான். வேற யாருகிட்டப் போறது."

பெண் குழந்தை. அண்ணி இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நல்லதென்று நினைத்திருக்கும். இரண்டாம் வகுப்பு என்றால், வேண்டாம், கணக்குப் போடக்கூடாது, மனசே அந்தப் பக்கம் போகாதே, ஆனால் மனசு போய்விட்டது, ஏழு வயது, இரண்டு ஜடை, முன்பல் விழுந்திருக்கும், எங்களுடையது இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சின்னவள், ஒன்றாம் வகுப்பு, என்னிடம் காலையில் ஷூ லேஸ் கட்டிவிடச் சொல்லியிருக்கும். நாங்கள் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. வேதாவின் மகள் என்றுதான் ஆஸ்பத்திரியில் கையில் சீட்டுக் கட்டியிருந்தார்கள், அந்தச் சீட்டு ஒரு மோதிரத்தளவுதான் இருந்தது. மஞ்சள்காமாலை என்று நீல விளக்கின் கீழ் போட்டிருந்தார்கள். இவ்வளவு வெளிச்சத்தோடு பழகியிருக்கிறேன், அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை, அறையே நீலம், சிஸ்டர்களின் கையெல்லாம் நீலம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழம்கூட இல்லாத நீளத்தில் அது, கண்ணுக்கு அந்த வெளிச்சம் ஆகாதென்று வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், வேகமாக, ஓடிவந்து நின்றவர் மாதிரி. வேதா இன்னொரு கட்டிடத்தில், நினைவு வந்தும் வராமலும். அவளை ஒருமுறை சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிவந்தார்கள். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள், குழந்தையின் கண் கட்டியிருந்தது, காலைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள், தொட்டாள். இரண்டு நாள் கழித்து எல்லாம் முடிந்தது, ஏதோ கிருமி, குறைமாசக் குழந்தைக்கு அது போதும் என்றார்கள். அதற்கப்புறம் வீட்டில் அவள் ஓர் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் ஓர் அறையில் அடுத்தவர்கள் கல்யாணப் படங்களின் நிறத்தைச் சரிபார்த்துக்கொண்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்பேன், ம் என்பாள், அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்குக்கூட அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே. அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரேன் என்று போனாள், மாதங்கள் போயின, ஒருநாள் அவள் அண்ணன் பிரிவதைப் பற்றிப் பேச வந்தார்.

"வெளிச்சம் போயிரும்" என்றாள். ஆமாம். எத்தனை நேரமாக இப்படி நின்றுகொண்டிருக்கிறேன். சூரியன் இறங்கிவிட்டது, மேற்கே ஆற்றின் மேலேயே உருண்டு நிற்கிறது, இனி அதற்கு நேராகவே நிறுத்தலாம், கண் கூசாது. அவளை மேற்கே பார்க்கச் சொன்னேன். முகம் முழுக்க மஞ்சள் வெளிச்சம் நிறைந்தது, கீழேயிருந்து மணல் கொஞ்சம் கொடுத்தது, கழுத்து நிழலுக்குள்ளும் தோல் தெரிகிறது, மச்சம் தெரிகிறது. எடுத்தேன். எடுத்தேன். இது நன்றாக இருக்கும். இதைப் பார்த்து யாரும் பொம்மை என்று சொல்ல மாட்டார்கள். அவள் கண்ணில் இரண்டு சின்னச் சூரியன்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள், சூரியனைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"அவ கண்ணைத் தெறந்தாளா? ஒரு தடவையாவது?"

யார் என்று நான் கேட்கவில்லை. கேமராவை இறக்கினேன். இத்தனை வருஷத்தில் குழந்தையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி இது, இதைக் கேட்கத்தான் வந்தாளோ, போட்டோ சும்மா சாக்கோ, இல்லை, இங்கே நின்று கேட்கத் தோன்றியிருக்கும், அந்த வீட்டுக்குப் போய்விட்டால் யாரிடம் கேட்க முடியும், உலகத்தில் அந்தக் குழந்தையைத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"தெறந்தா" என்றேன். "ஒரு தடவ. காலையில, பால் குடுக்கறதுக்கு முன்னாடி. மேல இருந்த லைட்ட அணைச்சிட்டு, சிஸ்டர் துணிய அவுத்துக் கண்ணைத் தொடைச்சாங்க. அப்பா சீக்கிரம் வாங்க, பாப்பா முழிச்சிருச்சுன்னு கூப்பிட்டாங்க. போனேன். பாத்தா."

"யாரை?"

"தெரியல. என் பக்கம்தான் திரும்பியிருந்தா. பக்கத்துல ஜன்னல் இருந்துச்சு. வெளிச்சம் வர்ற பக்கம் பாத்திருப்பா."

"அழுதாளா?"

"இல்ல. நெத்திய சுருக்கினா. யாருடா இதுங்கற மாதிரி. அவ்வளவுதான். திரும்பக் கட்டிட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள், ஒரு தகவலைக் கேட்டுக்கொண்டவள் மாதிரி, ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, அது பாட்டுக்கு இறங்கியது. வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது, வேறு யாராக இருந்தாலும் என் விரல் தானாக அழுத்தியிருக்கும். நான் அசையவில்லை. மரத்தடியில் அண்ணி எழுந்து நின்றுவிட்டு, என்ன நினைத்ததோ, மறுபடி உட்கார்ந்துகொண்டது.

"போட்டோ ஏதும் எடுத்தீங்களா அப்ப?"

"போன்ல ஒண்ணு. சிஸ்டரே எடுத்துக்கங்கன்னாங்க. நல்லா வரல."

"இருக்கா?"

இருக்கிறது. போன் மாற்றும்போதெல்லாம் முதலில் அதைத்தான் மாற்றுவேன். அவசரத்தில் எடுத்தது, பக்கத்துப் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் பாதிப் படம் நீலம், மீதி இருட்டு, ஒரு கண் மட்டும் தெளிவு, என் வாழ்நாளில் இவ்வளவு மோசமாக நான் எதையும் எடுத்ததில்லை. அந்த நீலத்தை எடுத்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை, தோலை ரோஜா நிறத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், பலமுறை திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், செய்ததில்லை. அவளுக்குக் கிடைத்த வெளிச்சம் அதுதான், அதை நான் எப்படி மாற்றுவது. போனை எடுத்துத் தேடிக் கொடுத்தேன். "அனுப்பவா?" என்றேன்.

"வேண்டாம். அங்க போய் இத வச்சிக்கிட்டு இருக்க முடியாது. இங்கயே பாத்துக்கறேன்."

வாங்கிக்கொண்டாள். பார்த்தாள். வெட்டவெளியில், எதிரே சூரியன், திரையில் ஒன்றும் தெரியவில்லை, அவள் முகமும் வானமும்தான் கண்ணாடியில் தெரிந்திருக்கும். திரும்பி நின்று பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், முந்தானையை இழுத்துத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு பார்த்தாள், அது மெல்லிய புடவை, வெயில் உள்ளே வந்துவிட்டது. "தெரியலயே" என்றாள், குரல் உடைந்துபோய், சின்னப் பெண் மாதிரி, "ஒண்ணுமே தெரியலயே." நான் சுற்றிப்போய் சூரியனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். என் நிழல் மணலில் நீளமாகக் கிடந்தது, அது அவள் மேல், அவள் கையின் மேல், அந்தத் திரையின் மேல் விழுந்தது. "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றாள். நகர்ந்தேன். "அப்படியே இருங்க." இருந்தேன். முதுகில் சூடு. மூச்சுவிட்டால் நிழல் அசையுமோ என்று பயமாக இருந்தது. என் நிழலுக்குள் குனிந்துகொண்டு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், விரலால் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள்.

"கலர் தெரியல" என்றாள்.

"அந்த நீலத்துல தெரியாது. கறுப்புத்தான். உன் கண்ணு மாதிரி."

உன் என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிரவில்லை. "நெத்தி உங்களுது" என்றாள்.

சூரியன் இறங்கிக்கொண்டே வந்தது, என் நிழல் தன்னால் வெளிறியது, பிறகு நிழலே தேவைப்படவில்லை, திரை தனியாகத் தெரிய ஆரம்பித்தது. அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள், பொட்டு ஓரத்தில் கொஞ்சம் கலைந்திருந்தது. "இப்ப எடுங்க" என்றாள்.

"முகமெல்லாம் வீங்கியிருக்கு."

"இருக்கட்டும். எடுங்க."

சூரியன் போய்ச் சில நிமிஷம் ஒரு வெளிச்சம் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது, வானம் முழுக்க இருந்து வரும், நிழல் எதற்கும் இருக்காது, அப்போது மட்டும் வானமும் முகமும் ஒரே அளவில் நிற்கும், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. கேமராவே சரியாகச் சொன்னது, நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் சிரிக்கவில்லை. கேமராவைப் பார்த்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எங்கோ ஒரு வீட்டில் இதைக் கையில் வாங்கிப் பார்க்கப்போகிற ஒரு குழந்தையைப் பார்த்தாள், நான்தான், வந்திருக்கேன், என்கிற மாதிரி. அந்தப் பார்வை எனக்கானதில்லை என்று தெரிந்தும் அதை முழுதாக எடுத்தேன். ஒன்றுதான் எடுத்தேன்.

வந்து திரையில் பார்த்தாள். என் தோள் பக்கத்தில் அவள் தலை, மல்லிகை இல்லை, தேங்காயெண்ணெய் வாசனை மட்டும். "இதையே அண்ணிக்கு அனுப்பிருங்க" என்றாள். "கலரெல்லாம் ஒண்ணும் பண்ண வேண்டாம்." பிறகு கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தி, "மத்ததெல்லாம் அழிச்சிருங்க. வீட்ல இருக்கற பழசும். இனிமே வச்சிருக்கறது சரியில்ல" என்றாள். சரி என்றேன். உண்மைதானே, இன்னொருவருக்கு மனைவியாகப் போகிறவள். "அவளது மட்டும் இருக்கட்டும்" என்றாள். அதற்கும் சரி என்றேன்.

அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "நல்லா வந்துச்சா தம்பி?" என்றது, கண்ணைப் பார்க்காமல். வந்துச்சுங்க என்றேன். வேதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "வரேன்" என்றாள். வேறெப்படிச் சொல்வாள், திரும்பி வராமல் போகிறவர்கள் சொல்வதற்கு நம்மிடம் வேறு சொல் கிடையாது. மணலில் இரண்டு பேரும் சின்னதாகிக்கொண்டே போய்ப் படியேறினார்கள், மேலே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது, பாலத்தில் ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு முசிறிப் பக்கம் போனது. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மணல் இன்னும் சூடாக இருந்தது. கடைசிப் படத்தைப் போனுக்கு மாற்றி அண்ணிக்கு அனுப்பினேன், போய்விட்டது என்று காட்டியது. பிறகு மற்றவற்றை ஆரம்பத்திலிருந்து பார்த்தேன். மரத்தடிப் பச்சை. ஒரு கன்னம் தங்கம். நரை பொன்னானது. நான் குறைத்து எடுத்தது. உதடு மட்டும் சிரிப்பதற்கு முந்தினது. கண்ணில் இரண்டு சூரியன்கள். ஒவ்வொன்றையும் அழிக்கும்போது, நிச்சயமாகவா என்று கேமரா கேட்டது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அழுத்தில் அழித்துவிட வழி இருக்கிறது, எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகவே அழித்தேன், ஒவ்வொன்றுக்கும் ஆம் என்று சொல்லி.